தகடு வளையும் இடத்தில்தான் கணக்கும் வளைகிறது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

நம் மாணவி ஒருத்தி ஒரு சிறிய டிசைன் கம்பெனியில் இருக்கிறாள். பஸ்ஸில் தலைக்கு மேலே பை வைக்கும் தட்டும், அதைத் தாங்கும் பிராக்கெட்டும் அவள் பொறுப்பு. எல்லாமே 2 மி.மீ. தகட்டை வளைத்துச் செய்வது. "சார், மெஷ் ஆகவே மாட்டேங்குது. வளைவுகிட்ட வந்தாலே எரர். மேனேஜர், வளைவை எடுத்துட்டு மூலையை நேராக்கி ஓட்டு, ரிப்போர்ட் வந்தா போதும்ங்கிறார்" என்று போனில் சொன்னாள்.

மெஷ் என்றால் என்னவென்று என் மைத்துனி கேட்பாள். பள்ளிக்கூடத்தில் இலையை வரைபடத்தாளில் வைத்து, ஓரம் வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பளவு கண்டுபிடித்தோமே, அதேதான். பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அழுத்தம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. இலையின் நடுவில் பெரிய கட்டம் போதும். ஓரத்தில்தான் சிறிய கட்டம் வேண்டும். தகட்டுக்கு அந்த ஓரம், வளைவு.

அவளிடம் முதலில் கேட்டது, "சாலிட்டா மெஷ் பண்றியா, ஷெல்லாவா?" என்று. சாலிட் என்றாள். தட்டின் அளவு 1000-க்கு 300 மி.மீ. தடிமனில் இரண்டு அடுக்காவது வேண்டுமென்று 1 மி.மீ. கட்டம் போட்டால் 6 லட்சம் கட்டங்கள். அதையே தகட்டின் நடுப்பரப்பை மட்டும் எடுத்து, தடிமனை ஒரு எண்ணாகக் கொடுத்து, 5 மி.மீ. ஷெல் கட்டமாகப் போட்டால் 12,000. மெல்லிய தகட்டுக்கு ஷெல்தான் இயல்பான வழி.

அப்புறம் எரர் எங்கே வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். வளைக்கும்போது தகடு கிழியாமலிருக்க ஓரத்தில் வெட்டு விடுவோம் இல்லையா, அங்கே வரைபடத்தில் 0.05 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டுக்கோடு தங்கியிருந்தது. கண்ணுக்கே தெரியாது. 5 மி.மீ. கட்டம் அதில் எப்படி உட்காரும்? அதைப் பக்கத்துக் கோட்டோடு சேர்த்ததும் மெஷ் ஆகிவிட்டது. வளைவின் உள் ஆரம் 2 மி.மீ., நடுப்பரப்பில் 3. அந்தக் கால்வட்டத்தின் நீளம் சுமார் 4.7 மி.மீ. அங்கே மட்டும் 1.2 மி.மீ. வைத்து நான்கு கட்டம் போடச் சொன்னேன்.

மேனேஜர் சொன்ன வழியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாலிட் மாடலில் உள்மூலையை ஆரமே இல்லாமல் கூர்மையாக விட்டால், கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஓர் இடத்தில் நிற்காது. பெரிய கட்டம் போட்டால் 'பாஸ்', சிறிய கட்டம் போட்டால் 'ஃபெயில்'. நமக்கு எந்த விடை வேண்டுமோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். அந்தத் தட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியாது.

"கைக்கணக்கு போட்டியாம்மா?" என்றேன். போட்டாள். ஒரு பிராக்கெட்டின் முனையில் 10 கிலோ, அதாவது சுமார் 100 நியூட்டன். கை நீளம் 100 மி.மீ., அகலம் 50, தடிமன் 2. வளைவுத் திருப்புமை 10,000. அதை 6-ஆல் பெருக்கி, அகலத்தாலும் தடிமனின் வர்க்கத்தாலும் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன். சாதாரண மைல்ட் ஸ்டீல் சுமார் 250-லேயே நிமிராதபடி வளைந்துவிடும். மெஷ்ஷும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. பஸ் பள்ளத்தில் இறங்கும் அதிர்வு இதில் சேரவே இல்லை. 3 மி.மீ. தகடு என்றால் 133 ஆகிவிடும். எடை கூடும் என்று அதை விட்டுவிட்டு, முக்கோணத் தாங்கல் ஒன்றை வெல்டு செய்ய முடிவெடுத்தாள்.

அதிலும் ஒரு பொறி உண்டு. தாங்கலின் விளிம்பு தகட்டின் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆனால் தகட்டின் நடுப்பரப்பு 1 மி.மீ. உள்ளே இருக்கும். திரையில் ஒட்டியது போலத் தெரியும், கணக்கில் ஒட்டியிருக்காது. இதைக் கண்டுபிடிக்க, எந்தப் பிடிமானமும் கொடுக்காமல் இயல்பு அதிர்வெண் மட்டும் கேளுங்கள். ஒரே பொருளாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி ஆறு விடை வரும்: மூன்று நகர்வு, மூன்று சுழற்சி. பன்னிரண்டு வந்தால், ஒரு துண்டு தனியே மிதக்கிறது என்று அர்த்தம். அவளுக்குப் பன்னிரண்டு வந்தது. விளிம்பை 1 மி.மீ. நீட்டினாள், ஆறாயிற்று.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று பாக்கி. வளைத்த இடத்தில் தகடு சற்று மெலிந்து, இறுகி, உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். நாம் சொல்லாவிட்டால் மெஷ்ஷுக்கு அது தெரியாது. அதனால் ஒரு மாதிரி செய்து, எடையைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடு என்றேன். அந்தச் சோதனை இந்த வாரம் நடக்கிறது.

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளே, சாஃப்ட்வேர் எரர் காட்டினால் எரிச்சல்படாதீர்கள். அது வரைபடத்தில் ஏதோ சரியில்லை என்று நமக்குச் சொல்கிறது. எரர் காட்டாமல் வண்ணப்படம் போட்டுக் கொடுத்தால்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும். உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள், ஜூனியர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் சார்