தீக்குள் போனவர்கள்

நாரணாபுரத்து பயர் ஆபீஸில் வெடிக்கு மருந்து அடைத்த அம்மாவுக்கு, கே.பி. சுந்தராம்பாள் குரலென்றால் உயிர்.

கோபாலகிருஷ்ண பாரதியின் இசை நாடகம் நந்தனார் சரித்திரம். 1935இல் அது ‘பக்த நந்தனார்’ படமானபோது நந்தனாராக நடித்தவர் சுந்தராம்பாள். கணவர் கிட்டப்பாவை இழந்து ஒதுங்கியிருந்தவர், ஆண் வேடத்தில் திரும்பினார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்.

அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் கதையில், பண்ணையாள் நந்தன் தில்லைக் கோயிலுக்குள் போகத் தீயில் இறங்கவேண்டும். கதவை அடைத்தவர்களுக்கு எந்தத் தீயும் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். வெடிவிபத்தில் தோழியைப் பறிகொடுத்தவள் அவள்.

“தீக்குள்ள போன எவளும் சாதி மாறி வரல தாயி. உசுருதான் போச்சு.”

இப்போதெல்லாம் வகுப்பில் நந்தனாரை இந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்குகிறேன்.