நாக்குப்பூச்சியும் தொழுநோயும்

தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு தேமல் சிவந்து வீங்கி, கை நரம்பும் வலித்தால் என்ன நினைப்பீர்கள்? மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே? எங்கள் ஊர் பெட்டிக்கடைக்காரரும் அப்படி நினைத்துதான் பாதியில் நிறுத்தினார். சில்லறையை விரலால் எடுக்க வராது; பலகை ஓரத்துக்குத் தள்ளி, உள்ளங்கையில் விழவைப்பார். கிருமி விரலை மடக்கிவிட்டது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நுண்ணுயிரியல் படிக்க வந்த பிறகுதான் விஷயம் வேறு என்று புரிந்தது.

தொழுநோய்க் கிருமி மகா சோம்பேறி. ஒரு முறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நரம்புக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும். திடீரென்று ஒரு நாள் நம் டி அணுக்கள் விழித்துக்கொண்டு இன்டர்பெரான் காமாவைச் சுரந்து தாக்குகின்றன. கிருமி செத்திருந்தாலும் அதன் ஆன்டிஜென் மிச்சமிருந்தால் போதும். இறுக்கமான உறைக்குள் வீங்குவதால் நசுங்குவது நரம்பு. இதுதான் முதல் வகை ரியாக்‌ஷன். அடித்தது நம்முடைய ஆட்கள்தான்!

இதில் வயிற்றுப் புழு எங்கே வந்தது? குடலில் நிம்மதியாகக் காலம் தள்ள, அது நம் எதிர்ப்பு சக்தியை வேறு பக்கம் திருப்பிவிடும். நேபாள நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. முதல் வகை ரியாக்‌ஷன் வந்தவர்களிடம் புழுத்தொற்று குறைவாக இருந்ததாம். அவர்கள் ரத்தத்தில் தொழுநோய்க் கிருமியோடு நாக்குப்பூச்சியின் ஆன்டிஜெனையும் சேர்த்தபோது இன்டர்பெரான் காமா இறங்கிவிட்டது.

"அட, பூச்சியே மருந்தா!" என்று முதலில் துள்ளினேன். அவசரம்தான் :) கிருமியைக் கொல்லவும் அதே இன்டர்பெரான் காமாதானே வேண்டும்? அதை அடக்கினால் நரம்பு தப்பலாம், கிருமி பெருகும். இன்னொன்று, ரியாக்‌ஷனுக்குக் கொடுப்பது பிரட்னிசலோன். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு உடம்பில் இருந்து, அதைக் கவனிக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்து. அதனால் பூச்சி மருந்தை முதலில் கொடுத்துவிடுவது வழக்கம்.

தொழுநோய் மாத்திரையையும் நிறுத்தக்கூடாது, ஸ்டீராய்டோடு அதுவும் தொடர வேண்டும். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் வந்தால் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. கடைக்காரர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனது மூன்று வருடம் கழித்து.