சூடானால் நிற்கும் எஞ்சின்

“தும்மித் தும்மி நின்னுதா, டப்புனு நின்னுதா?”

முட்டத்தில் கடலோரப் பட்டறை ஒன்றில் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி இது. இரண்டு சிலிண்டர் கொண்ட பழைய அவுட்போர்டு மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து இறக்கிய இளைஞர், “டப்புனுதான் அண்ணே. அரை மணிக்கூர் நல்லா ஓடுது. பொறவு நிக்குது. ஆறவிட்டு இழுத்தா ஸ்டார்ட் ஆவுது” என்றார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. எண்ணெய் தட்டுப்பாடானால் எஞ்சின் திணறித் திணறித்தான் சாகும். விளக்கை அணைத்ததுபோல நின்றால் கரண்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

1980களில்தான் இந்தக் கரையில் அவுட்போர்டு பரவியது. பெல்ஜியக்காரரான பியர் ஜிலே வடிவமைத்த பிளைவுட் வள்ளங்கள் முட்டத்தில் கட்டப்பட்ட காலமும் அதுதான். பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற இந்த எஞ்சின்களை மெக்கானிக் அப்போதிருந்தே பார்த்துவருகிறார்.

இதில் பேட்டரி கிடையாது. கயிற்றை இழுத்தால் காந்தங்கள் பதித்த ஃப்ளைவீல் சுழலும். அதன் அடியிலுள்ள சார்ஜ் காயிலில் மின்சாரம் பிறந்து சி.டி.ஐ. பெட்டியில் சேரும். பல்சர் காயில் சைகை கொடுத்ததும் அது இக்னிஷன் காயிலுக்குப் பாய்ந்து, பல்லாயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறியாகும். இதைவிடப் பழைய எஞ்சின்களில் சி.டி.ஐ.க்குப் பதில் பாயிண்டும் கண்டென்சரும் இருக்கும்.

பிளக்குகளைக் கழற்றினார். மண்ணெண்ணெய்க் கரி அப்பியிருந்தது. புதிய பிளக்கை எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்து இழுத்தபோது பொறி நீலமாகப் பாய்ந்தது. உதவிக்கு இருந்த பையன் உடனே சி.டி.ஐ. பெட்டியில் கைவைத்தான். “அத விடு மக்கா. தெரியாதவன் மொதல்ல மாத்துறது அதத்தான்.” உள்ளே பிசின் ஊற்றி மூடிய பெட்டி அது, பிரித்துப் பழுதுபார்க்க முடியாது, விலையும் அதிகம். செலவில்லாத சந்தேகங்களை முதலில் தீர்த்துவிட்டுத்தான் செலவு வைக்கிற சந்தேகத்துக்குப் போவது என்பது இவர் முறை. பட்டப்படிப்பு படித்த பலரிடமும் நான் காணாத ஒழுங்கு அது.

அணைக்கும் சுவிட்சின் ஒயரைத் தனியே பிரித்தார். காரில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் துண்டிக்கப்படும். இங்கே நேர்மாறு: சுவிட்ச் மின்சாரத்தை எர்த்தில் இறக்கிவிடுகிறது. அதனால் உப்பேறிய சுவிட்ச் ஒன்றே எஞ்சினை நிறுத்தப் போதும். தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டினார். சுவிட்ச் இல்லாமலும் நின்றது. எர்த் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்தார். பட்டறையை இருட்டாக்கி, பிளக் ஒயரின் மேல் நீலப்பொறி ஊர்கிறதா என்று பார்த்தார். இல்லை. மறுபடி ஓட்டி, நின்ற சூட்டோடு பிளக்கைச் சோதித்தார். இப்போது பொறியே இல்லை.

ஃப்ளைவீலைப் புல்லர் போட்டு எடுத்தார். சுத்தியலால் தட்டி எடுப்பவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தட்டினால் காந்தம் விரிசல்விடும். அரைவட்டச் சாவி தேயாமல் இருந்தது. ஆறிய சார்ஜ் காயிலில் மல்டிமீட்டர் வைத்தபோது அளவு சரியாகவே காட்டியது. பிறகுதான் காயிலுக்குப் பக்கத்தில் குண்டு பல்பை எரியவிட்டுச் சூடாக்கினார். எண் மெல்ல ஏறியது. சூட்டில் செம்பின் தடை கூடுவது இயல்பு. ஆனால் சற்று நேரத்தில் எண்ணே மறைந்துவிட்டது. மயிரிழை போன்ற கம்பி உள்ளே எங்கோ அறுந்து, ஆறினால் தொட்டுக்கொண்டும் சூட்டில் விலகியும் இருந்திருக்கிறது. ஆறவிட்டு இழுக்கும்போதெல்லாம் எஞ்சின் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது இதனால்தான்.

“சுத்திப் போட்டா ஆவாதா அண்ணே?”

“ஆவும். கம்பி தடிமனும் சுத்தும் பழசு மாதிரியே இருக்கணும். சுத்து கொறஞ்சா நீ கயிறு இழுக்குற வேகத்துக்குப் பொறி வராது. சுத்துனத ஸ்பேரா வச்சுக்கோ. நடுக்கடல்ல நம்பி ஓட்டாத, புதுசு போடு.”

“பாடு கெடச்சதும் பைசா தாறேன்.”

“அது பொறவு. போட்ட பொறவு ஒரு மணிக்கூர் டிரம்முல ஓடட்டு.”