மூன்று மாதம் தங்கிய மரியா

அக்டோபர் செபமாலை மாதம். திருத்தந்தை 13ஆம் லியோ 1883இல் விடுத்த சுற்றுமடல் இவ்வழக்கத்தை உலகெங்கும் நிலைபெறச் செய்தது. மேலைநாடுகளில் அது இலையுதிர்காலம். நமக்கோ ஐப்பசி அடைமழை. கடலில் தத்தளித்த போர்த்துக்கீசியருக்கு ஓர் ஒளி கரை காட்டியது என்பதே மயிலை லஸ் பிரகாச மாதா ஆலயத்தின் மரபு வரலாறு. மழையும் மாதாவும் நம் நகருக்குப் பழகியவர்கள்.

அன்னையின் சுரூபம் இல்லந்தோறும் செல்லும் இந்நாள்களில், மழை பெய்தால் முதலில் தள்ளிப்போவது அடையாற்றங்கரைத் தாழ்வான குடியிருப்புகளின் முறைதான். "தண்ணீர் நிற்கிறது ஃபாதர், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பர் அன்பியப் பொறுப்பாளர். தியாகராயநகர் அடுக்குமாடியில் செபம் தடையின்றி நடக்கும். அங்கே லிஃப்ட் உண்டு, காபியும் உண்டு. குறை கூறவில்லை. பிள்ளைகளை அயல்நாட்டில் விட்டுத் தனித்திருக்கும் முதியோர் அந்த அரைமணி நேரத்திற்காகவே அங்கும் காத்திருக்கின்றனர்.

மரியா எலிசபெத்தைச் சந்தித்ததைத் திங்களும் சனியும் தியானிக்கிறோம். வாழ்த்தியதும் அவர் திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. முதிர்வயதில் கருவுற்றவரின் வீட்டில் மூன்று மாதமென்றால், தண்ணீர் சுமப்பதும் மாவரைப்பதும்கூட அங்கே செபமாகியிருக்கும். நம் வடகிழக்குப் பருவமழைக்கும் மூன்று மாதமே. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது உணவுப் பொட்டலங்கள் விரைந்து வந்தன. நீர் வடிந்தபின் சேறு வாரவும், நனைந்தழிந்த சான்றிதழ்களுக்கு மனு எழுதவும் வாரக்கணக்கில் ஆள் வேண்டியிருந்தது.

ஆகவே, இவ்வாண்டுச் சுரூபப் பயணத்தைத் தண்ணீர் தேங்கும் தெருக்களிலேயே தொடங்குவோம். செபம் முடிந்ததும் இளைஞர்கள் அவ்வீட்டுக் கட்டில்களைச் செங்கல் அடுக்கி உயர்த்திக் கொடுக்கட்டும்.