முன்பாரம், பின்பாரம்

வீட்டை விட்டுப் புறப்படுவதற்குத்தான் பிரயாணம் என்று பெயர். வீட்டையே மோட்டாரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு புறப்படுகிறவர்களை என்னவென்று சொல்வது? அமெரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பஸ்தர்களுக்குக் குறைவே இல்லை. வாலி பையாம் என்ற மனிதர் 1930-களில் 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் அலுமினிய வண்டிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். 1959-ல் அந்த வண்டிகளின் வரிசை ஒன்றை ஆப்பிரிக்காவில் கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரையில் அழைத்தே சென்றுவிட்டார். பிறகு 1968-ல், கானடாவின் வின்னிபெக் நகரத்தில் ரே ஓலெக்கோ என்பவர் கண்ணாடி இழையில் 'போலர்' என்ற குட்டி வண்டியை வார்த்தெடுத்தார். அதற்கு முன்னால் அவர் அதே கண்ணாடி இழையில் செய்து பார்த்தது கக்கூஸ் தொட்டி! இலேசாகவும் இருக்கவேண்டும், ஒழுகவும் கூடாது என்ற இலட்சணம் இரண்டுக்கும் பொதுதானே?

சென்ற வருஷம் கோடையில் டென்வரில் என் தங்கை வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அந்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எந்த டிரெய்லர் வீட்டை வாங்குவது என்பதுதான் பேச்சு. மாப்பிள்ளைக்கு விலை குறைந்திருக்க வேண்டும். தங்கைக்குச் சமையல் மேடையும், உள்ளேயே ஸ்நான அறையும் வேண்டும். எட்டு வயது மருமகளுக்கு மேல் தட்டுப் படுக்கை வேண்டும். பதினாலு வயது மருமகன் எதுவுமே கேட்கவில்லை. அவன் மோட்டார் சைக்கிளை அழைத்துப் போகவேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அது தார் ரோட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள் அல்ல. மண்ணிலும் பாறையிலும் தாவி ஓடுவது. 'டர்ட் பைக்' என்பார்கள். பெட்ரோலோடு சேர்த்து 110 கிலோ. பழையதாக வாங்கி, அப்பாவும் பிள்ளையுமாக வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து பிரித்துப் பூட்டியது. அந்தப் பையன் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். ஷெட்டில், கையில் ஸ்பானரோடு இருக்கும்போதுதான் அவன் குரலை நான் முழுசாகக் கேட்டேன்.

"அண்ணா, பைக் வராவிட்டால் அவன் வரமாட்டான். அவன் வராவிட்டால் எனக்கு எதற்கு இந்த வண்டி?" என்றாள் தங்கை. பிரச்னை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அவர்கள் போக நினைத்த ஊர் யூட்டா மாகாணத்தில் உள்ள மோவாப். டென்வரிலிருந்து சுமார் 570 கிலோ மீட்டர். அங்கே செம்பாறைகளின் மேல், மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக 1969-ல் குறியிட்ட பாதை ஒன்று இருக்கிறது. வழியில் ராக்கி மலையை ஏறிக் கடக்கவேண்டும். ஐசன்ஹோவர் குகைப்பாதையின் உயரம் ஏறக்குறைய 3,400 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட எழுநூறு மீட்டருக்கு மேல் அதிகம். அந்த உயரத்துக் காற்று மிகவும் அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அங்கே இழந்துவிடும். ஏறுவதாவது மெதுவாக ஏறலாம். இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு வீடு தள்ளுமே, அதுதான் சங்கடம்.

விற்பனைக் கூடத்து மனிதர் மிகவும் இனிமையானவர். "உங்கள் கார் எவ்வளவு இழுக்கும்?" என்று கேட்டார். "ஐயாயிரம் பவுண்டு" என்றார் மாப்பிள்ளை. 2,268 கிலோ. உடனே அவர், பின்பக்கக் கதவு சாய்வுப் பலகையாக இறங்கி, பைக் நேரே உள்ளே ஏறிவிடும்படியான வண்டி ஒன்றைக் காட்டினார். பைக்குக்கென்று தனி அறை. காலி எடை 1,950 கிலோ. "தாராளமாக இழுக்கும்" என்று சொல்லிவிட்டார்.

காலி வண்டியை இழுத்துக்கொண்டு யார் மோவாப் போகிறார்கள்? பைக் 110, தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150 கிலோ, பாட்டரியும் காஸ் சிலிண்டரும் 60, பாத்திரம் படுக்கை முதலியன 150. மொத்தம் 2,420 கிலோ. மாப்பிள்ளை கூட்டிக் காட்டியதும் தங்கை அந்த ஸ்நான அறையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

இலேசான வண்டி ஒன்றைப் பார்த்தோம். எல்லாச் சாமானும் ஏற்றினால் 1,300 கிலோ. பைக்கை எங்கே வைப்பது? உள்ளே படுக்கைக்கு நடுவில் வைத்தால், அடுப்பு இருக்கும் இடத்தில் பெட்ரோல் ஆவி பரவும்; அது கூடவே கூடாது. "பின்னால் ஒரு தாங்கி பொருத்தி, அதில் கட்டிவிடலாம்" என்றார்கள். பார்க்க எளிதாகத்தான் இருந்தது.

இங்கேதான் நம் ஊர் மாட்டு வண்டி என் நினைவுக்கு வந்தது. வண்டியில் ஏறியதும் வண்டிக்காரர், "கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க" என்பார். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே கிளம்பும். முன்பாரம் அதிகமானால் மாடு திணறும். அமெரிக்காவின் சாஸ்திரமும் இதுதான். டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு காரின் கொக்கியின்மேல் அழுத்தவேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். கடைசியில் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

கணக்குப் போட்டோம். இலேசு வண்டியில் கொக்கிப் பாரம் 130 கிலோ. கொக்கிக்கும் அச்சுக்கும் தூரம் 3.6 மீட்டர். பைக் தொங்கப்போவது அச்சுக்கு 2.7 மீட்டர் பின்னால். 110 கிலோ பைக் அங்கே தொங்கினால் முன்னால் 82 கிலோவைத் தூக்கிவிடும். மிச்சம் 48 கிலோ. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லை! இந்த லட்சணத்தில் மலை இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைசியில் வேறொரு கூடத்தில் அகப்பட்டது, கட்டும்போதே சட்டத்தை முன்பக்கம் நீட்டி, பைக்குக்குத் திறந்த மேடை வைத்த வண்டி. எடையும் அச்சும் ஏறக்குறைய முன்னதைப் போலத்தான். ஆனால் பைக் அச்சுக்கு 2.4 மீட்டர் முன்னால் நிற்கிறது. ஆகவே கொக்கியின்மேல் 73 கிலோ கூடி, 203 கிலோ ஆகிறது. மொத்த எடை 1,410-க்கு இது பதினாலு பங்குக்குச் சற்று அதிகம். அந்தக் கொக்கி தாங்கக்கூடியது 227. காரோட்டியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில், காருக்குள் ஏற்றக்கூடிய பாரம் 545 கிலோ என்று போட்டிருக்கிறது. கொக்கிப் பாரமும் இதில் சேர்த்தி. பலர் கவனிக்காத விஷயம் இது. நான்கு பேர் 220, கொக்கிச் சாமான் 20, கொக்கிப் பாரம் 203. மிச்சம் 102 கிலோ.

கணக்கு சரியாகிவிட்டது, வீடு சரியாகவில்லை. மேடைக்கு இடம் விட்டதால் உள்ளே மூன்று பேர்தான் படுக்கலாம். ஸ்நான அறையோ, நின்று கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும். மாப்பிள்ளை தயங்கினார். "பைக்கை இந்த வருஷம் விட்டுவிட்டு..." என்று ஆரம்பித்தார்.

அப்பொழுதுதான் பையன் பேசினான். "அப்பா, நான் வெளியே டென்ட்டில் படுத்துக்கறேன். அம்மாவுக்குப் பாத்ரூம் வேணும். டென்ட் மூணு கிலோதான்."

அவன் அதுவரை எதையுமே கவனிக்காதவன் போல் இருந்தான். ஒவ்வொரு வண்டியிலும் தாயார் எந்தக் கதவைத் திறந்து பார்த்தாள் என்பதைக்கூடக் கவனித்திருக்கிறான்! தங்கை முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள்.

வாங்குவதற்கு முன்னால் அதே மாதிரி வண்டி ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, சாமான், தண்ணீர், பைக் எல்லாம் ஏற்றி, லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடை மேடையில் நிறுத்திப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் கணக்குக்கும் மேடைக்கும் 30 கிலோதான் வித்தியாசம். "எல்லாம் உன் மாவரைக்கிற கிரைண்டர்தான்" என்று அவர் தங்கையைச் சீண்டினார்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அவர்கள் மோவாப் போனார்கள். தங்கை போனில் எல்லாவற்றையும் சொன்னாள்: மலையில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகவே ஏறினார்களாம், இறக்கத்தில் டிரெய்லர் ஒரு தடவைகூட ஆடவில்லையாம். ராத்திரி டென்ட்டில் பையன் மட்டும் படுக்கவில்லையாம்; அப்பாவும் அங்கேதானாம். என்ன பேசினார்களோ, விளக்கை அணைக்க வெகு நேரம் ஆயிற்றாம்.