மாமாவின் தபேலா



இதய நோய்ப் பிரிவில் வேலை செய்யும் தாதிமார் நம் சபையில் மூன்று பேர் இருக்கிறோம். நாங்கள் வேலைக்குப் போகும் ரயில் டார்ட்ஃபோர்ட் நிலையத்தில் நிற்கும். சிறுவயதில் ஒரே பள்ளியில் படித்துப் பிரிந்த மிக் ஜாகரும் கீத் றிச்சர்ட்ஸும் 1961இல் மறுபடி சந்தித்தது இந்த நிலையத்தில்தான். ஜாகரின் கையில் சக் பெரி, மடி வோட்டர்ஸ் ஆகியோரின் இசைத்தட்டுகள் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் பேச்சுத் தொடங்கியது. அடுத்த வருடம் ஜூலையில், இலண்டன் மார்க்கீ கிளப்பில் றோலிங் ஸ்டோன்ஸ் குழு முதன்முதலாக மேடை ஏறியது. 2024இல், இருவரும் எண்பது வயதில், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள்.

"அவர்களுடைய கதை நமக்கு எதற்கு அக்கா?" என்று கேட்பீர்கள். அவர்கள் வாழ்ந்தபடி வாழச் சொல்லவில்லை. போதைப்பொருள் வழக்குகளும் சண்டைகளும் அந்தக் கதையில் நிறைய உண்டு. எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறு இரண்டு விஷயங்கள்.

2019 ஏப்ரலில் ஜாகருக்கு இதய வால்வுச் சிகிச்சை நடந்தது. சுற்றுப்பயணம் தள்ளிப்போனது. ஜூன் 21 அன்று சிக்காகோ மைதானத்தில் அவர் மறுபடி ஆடிப் பாடினார். இன்று பலருக்கு நெஞ்சைத் திறக்காமலே, கவட்டு நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திப் புதிய வால்வைப் பொருத்துகிறார்கள். சில நாட்களில் வீட்டுக்கும் போய்விடுவார்கள். ஆனால் வால்வு வேலை செய்தால் மட்டும் மனிதர் எழும்பி நடப்பதில்லை. எழும்ப ஒரு காரணமும் வேண்டும். ஜாகருக்காக ஒரு மேடை காத்திருந்தது.

நம் தபேலா மாமாவுக்கும் போன வருடம் வால்வு மாற்றினார்கள். நாங்கள் முறை வைத்துப் போய் மருந்து, பிறஷர், காலில் வீக்கம் எல்லாம் பார்த்தோம். அதே மாதங்களில் பாடகர் குழு ட்றம் செட் வாங்கியது. தபேலா சாமான் அறைக்குப் போனது. மாமாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. வாரம் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போன நாங்களும் கேட்கவில்லை.

சுகமாகி வந்தவர் பின்வரிசையில் இருந்தார். "நல்லா வாசிக்கிறீங்கள் பிள்ளையள்" என்றார். விரல்கள் மட்டும் மடியில் தாளம் போட்டபடி இருந்தன.

இரண்டாவது விஷயம் சார்ளி வாட்ஸ். 1963 முதல் அந்தக் குழுவுக்கு ட்றம் வாசித்தவர். 2021இல் உடம்பு இடம் கொடுக்காதபோது, தன் இடத்தில் வாசிக்கும்படி நண்பர் ஸ்ரீவ் ஜோர்டனை அவரே கேட்டார். அந்த ஓகஸ்டில் 80 வயதில் காலமானார். அடுத்த மாதம் பயணம் தொடங்கியபோது, வெறும் மேடையில் முதலில் திரையில் அவருடைய படங்களைக் காட்டினார்கள். அதன் பின்புதான் மற்றவர்கள் வந்தார்கள்.

அங்கே இடம் கைமாறியது. நாங்கள் மாமாவின் இடத்தை எடுத்துக்கொண்டோம்.

போன சனிக்கிழமை தபேலாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். "மாமா, ட்றம் வாசிக்கிற தம்பிக்கு இதையும் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. தபேலாவை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"தோல் தளர்ந்து போச்சு. அந்தச் சின்னச் சுத்தியல் எங்கை?"

அதை எடுத்து வர மறந்துவிட்டோம். சாமான் அறையில் தேட வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வாருங்கள்.