ஆட்டுக்கும் உண்டு அனஸ்தீஷியா!

'ஆட்டுக்கு வலிக்குமா?' என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'இதென்ன கேள்வி, வலிக்காம இருக்குமா!' என்பார்கள். 'சரி, அப்படியானால் வலி தெரியாமலிருக்க அதற்கு ஊசி போடலாமா?' என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை க்யூவில் நின்றுகொண்டு கேட்டால் இன்னும் விசேஷம். இரண்டடி தள்ளிப் போய் நிற்பார்கள்.

தபால் இலாகாவில் ரிடையரான ஆளுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்கிறீர்களா? எல்லாம் எங்கள் அக்காவால் வந்தது.

அக்கா இருப்பது கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டில். எழுபத்தெட்டு வயசு. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும். 'எங்களோட வந்துரு' என்று கூப்பிட்டால், 'ஆடுகளை யாரு பாக்க?' என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவாள். ஐந்து உருப்படி. எல்லாம் கன்னி ஆடு. கன்னங்கரேலென்று உடம்பு, முகத்தில் மட்டும் நெற்றியிலிருந்து வாய்வரை இரண்டு வெள்ளைக் கோடு, யாரோ சுண்ணாம்பால் இழுத்துவிட்ட மாதிரி. அந்தப் பக்கத்துக்கே உரிய ஜாதி. அக்காவுக்கு ஆடு என்பது சேவிங்ஸ் அக்கவுன்ட். மருந்துச் செலவு, மொய்ச் செலவு, கரன்ட் பில்... எல்லாவற்றுக்கும் ஒரு குட்டியைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள். பிள்ளைகளிடம் கை நீட்டிப் பார்த்ததில்லை.

போன மார்கழியில் நான் போயிருந்தபோது, ஒன்று தலையீத்து. விடியற்காலை பனிக்குடம் உடைந்தது. ஒன்பது மணியாகியும் குட்டி வரவில்லை. ஒரே ஒரு கால் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. மற்ற கால் எங்கே, தலை எங்கே என்று தெரியவில்லை. ஆடு கத்திய கத்தல் இருக்கிறதே! செம்மறி ஆடு வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். வெள்ளாடு அப்படியில்லை. ஊரைக் கூட்டிவிடும். கூட்டிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். ஆடு மேய்த்தே தலை நரைத்த மனுஷன். "தேங்கா எண்ணெயை எடுத்தா தாயி. கைய விட்டு இழுத்துப்புடுவோம்."

அக்கா யோசித்தாள். போன வருஷம் அதே எண்ணெய், அதே இழுப்பு. குட்டி வந்தது, இரண்டாம் நாள் தாய் செத்துப்போனது. "வேண்டாம்ணே. டாக்டரம்மாக்குப் போன் போடச் சொல்லுதேன்" என்றாள். (1962 என்ற நம்பரைச் சுழற்றினால் தமிழ்நாட்டில் கால்நடைக்கு ஆம்புலன்ஸே வருகிறது. அன்றைக்கு அதற்கு அவசியமில்லாமல், பக்கத்து ஊர் டாக்டரம்மாவே கிடைத்துவிட்டார்.)

ஸ்கூட்டரில் வந்து இறங்கியது சின்னப் பெண். என் மகளைவிட இளசு. பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெண் முதலில் காட்டியது தன் கையை. "தாத்தா, உங்க கை எம்புட்டுப் பெருசு! ஆட்டுக்குள்ள போறதுக்கு என் கைதான் சரி." ஆட்டு வைத்தியத்தில் சின்னக் கை என்பது பெரிய க்வாலிஃபிகேஷன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கையுறை போட்டு உள்ளே விட்டுப் பார்த்தார். முகம் சுளித்தது. "தலை பின்னாடி திரும்பியிருக்கு. குட்டியை உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி எடுக்கணும். ஆனா நான் உள்ளே தள்ளத் தள்ள இவ வெளியே முக்குறா. என் மணிக்கட்டை நொறுக்கிடுவா போல" என்றபடி பெட்டியிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்தார். "முதுகுத்தண்டுல ஒரு ஊசி. எபிடியூரல்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மருமகளுக்குப் பிரசவத்தின்போது பெரிய ஆஸ்பத்திரியில் போட்டார்களே, அதுவா? அதற்குத் தனியாக ஒரு ஸ்பெஷலிஸ்ட், தனியாக ஒரு பில்! இங்கே வேப்ப மரத்தடியில், சாக்கு விரிப்பில்!

அவர் செய்த வேலையை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டின் வாலைப் பிடித்து அடிபம்பு அடிப்பது போல மேலும் கீழும் ஆட்டினார். இடுப்பெலும்பு அசையாது, வாலெலும்பு அசையும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே முடியைச் சிரைத்து, அயோடின் தடவி, ஊசியை இறக்கினார். ஊசியின் தலையில் ஒரு சொட்டு மருந்து முத்து மாதிரி நின்றது. "இதைப் பாருங்க சார்" என்றார். ஊசி இன்னும் கொஞ்சம் இறங்கியது. சட்டென்று அந்தச் சொட்டை யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சின மாதிரி உள்ளே போய்விட்டது! தண்டுவட உறைக்கு வெளியே இருக்கும் அந்தச் சந்துக்குள் அழுத்தம் குறைவு. ஊசி அங்கே போய்ச் சேர்ந்ததற்கு அந்தச் சொட்டுதான் சாட்சி.

மருந்து லிக்னோகைன். பல் பிடுங்கும்போது உங்களுக்கும் எனக்கும் ஈறில் போடுகிறார்களே, அதேதான். கிட்டத்தட்ட ஒரே ஒரு மி.லி. "இவ்வளவுதானா?" என்றேன். "அதிகமாப் போட்டா மருந்து முன்னாடி ஏறி, பின்னங்காலும் செத்துப்போயிடும். ஆடு உக்காந்துக்கும். சிசேரியன்னா அதுதான் வேணும். இடுப்புக்கிட்ட, நிறையப் போடுவோம். இன்னிக்கு வாலும் பின்பக்கமும் மரத்தா போதும்."

லிக்னோகைனில் ஆட்டுக்கு இன்னொரு கண்டமும் உண்டாம். கிலோவுக்கு ஐந்தாறு மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரலாம். இருபத்தைந்து கிலோ ஆட்டுக்கு 2 சதவீத மருந்தில் ஆறு மி.லி. வைத்தாலே எல்லைக்கோடு. இரண்டு கிலோ குட்டிக்கோ அரை மி.லி.தான். அதனால் குட்டிகளுக்கு மருந்தை நீர்க்கவைத்துத்தான் போடுவார்களாம்.

'முழு மயக்கமே கொடுத்துவிட்டால் என்ன?' என்று கேட்டேன். அங்கேதான் ஆட்டின் வயிறு குறுக்கே நிற்கிறது. தின்ற தழையெல்லாம் முதல் இரைப்பையில் நொதித்துக்கொண்டே இருக்கும். காற்றை ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கிப் படுத்தால் ஏப்பம் கிடையாது, வயிறு பந்தாக உப்பிவிடும். அரைத்த தழை தொண்டைக்கு ஏறி நுரையீரலில் இறங்கினால் கதை முடிந்தது. குதிரைக்குப் போடுகிற சைலசின் என்ற மருந்தில் பத்தில் ஒரு பங்கே ஆட்டுக்கு ஏகம். ஆகவே விழித்திருக்கும்போதே, வேண்டிய இடத்தை மட்டும் மரக்கவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மருந்து வேலை செய்ய ஏழெட்டு நிமிஷம் ஆகும் என்றார். அந்த நேரத்தில் பெரியவரிடம் வாயைக் கொடுத்தேன். "நாப்பது வருசமா இழுக்கேன். ஊசியா போட்டேன்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே, 1980கள் வரைக்கும் பச்சைக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, போதிய மருந்தில்லாமல் கத்தி வைத்திருக்கிறார்கள். மனுஷக் குழந்தைக்கே இந்த கதி!

முதுகு ஊசி பிறந்த கதையும் தமாஷானது. 1898ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற சர்ஜன், தன் உதவியாளரின் முதுகுத்தண்டில் கொக்கெய்னை ஏற்றிவிட்டு, முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை. 1901ல் பாரிஸில் இரண்டு டாக்டர்கள் தனித்தனியே, மனிதனின் வாலெலும்புப் பக்கமாக ஊசியை நுழைத்தார்கள். உறைக்கு வெளியே மருந்து போகிற எபிடியூரல் அப்படித்தான் ஆரம்பித்தது. நமக்கு வாலில்லாவிட்டாலும் வாசல் அங்கேதான் இருந்திருக்கிறது!

"ஏ தம்பி, வாலைப் பாரு!" என்று அக்கா கத்தினாள். ஆட்டின் வால் ஈரத்துணி மாதிரி தொங்கியது. டாக்டரம்மா ஃபோர்செப்ஸால் ஒரு கிள்ளு கிள்ளினார். ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தலும் நின்றுபோயிருந்தது. பெரியவர் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, அந்தச் சின்னக் கை உள்ளே போனது. முக்கல் இல்லை. குட்டியை மெல்லத் தள்ளி, மூக்கை உள்ளங்கையில் பொத்தி, தலையைத் திருப்பி, மடங்கிக் கிடந்த காலையும் நீட்டி...

முதல் குட்டி செத்துத்தான் வந்தது. ரொம்ப நேரமாகிவிட்டிருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள். அடுத்து இரண்டாவது தானாகவே வாகாக வந்தது. பெட்டை. பெரியவர் வைக்கோலால் அதன் நெஞ்சைத் தேய்த்த தேய்ப்பில் தும்மியது. அவர் கை பெரிய கைதான், ஆனால் அந்தத் தேய்ப்பு டாக்டரம்மாவுக்கு வராது. அதை அவரே சொன்னார்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அக்கா கேட்டாள்: "இந்த மருந்து எப்ப வந்தது தாயி?"

"லிக்னோகைனா ஆச்சி? 1943ல சுவீடன்ல கண்டுபிடிச்சாங்க. 1948லேயே விற்பனைக்கு வந்தாச்சு."

அக்கா கணக்குப் போட்டாள். மூத்தவன் பிறந்தது 1966. ஐந்து பிரசவமும் அதே வீட்டு நடுவறையில். மூன்றாவதுக்கு இரண்டு நாள் கிடந்தாள். "அப்ப நான் கத்துனப்ப அது இருந்திருக்கு?" என்றாள்.

டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா ஊற்றிக்கொண்டிருந்த செம்பு மட்டும் கொஞ்ச நேரம் சாய்ந்தே இருந்தது.

பிறகு வலிக்கும் வீக்கத்துக்குமாக மெலாக்ஸிகாம் ஊசி ஒன்று. 'மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் மலிவாகக் கிடைக்குமே' என்று நான் மேதாவித்தனமாகச் சொல்லவும், அந்தப் பெண் முறைத்தார். 2006லிருந்து கால்நடைக்கு அது தடை. ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்கிற பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகம் கெட்டுவிடும். அப்படியே இந்தியாவின் கழுகுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் மிஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை மாட்டுக்குத் திருப்பிவிட்டதால், 2015ல் அந்தப் பாட்டிலையும் மூன்று மி.லி.யாகச் சுருக்கினார்கள். மெலாக்ஸிகாமில் கழுகுக்கும் ஆபத்தில்லை, ஆட்டுக்கும் சுகம்.

அக்காவின் கவலை வேறு. "வாலு ஆடலையே! வாலு போச்சா?" என்று அரை மணிக்கொரு தரம் போய்த் தூக்கிப் பார்த்தாள். பத்தரை மணிக்குத் தொங்கிய வால், மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஈ ஓட்டியது.

நான் ஊருக்குக் கிளம்புகிற நாள் பெரியவர் வீட்டுப் பக்கம் வந்தார். கிடாக் குட்டிகள் நாலு காயடிக்க வேண்டியிருக்கிறதாம்.   அவர் நினைத்திருந்தால் வழக்கம்போலத் தானே முடித்திருக்கலாம்.

"அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க தம்பி" என்றார். "இதுக்கும் மரத்துப்போற ஊசி இருக்கான்னு கேளுங்க. துட்டு எம்புட்டு ஆகும்னும் கேட்டுருங்க."

கேட்டேன். இருக்கிறதாம். வியாழக்கிழமை வருகிறாராம்.